பழைய எம்எக்ஸ்-5 காரில் சுழலும் எடையைக் குறைத்தல்: எந்த உறுப்பை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்

மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறை 1989 பிப்ரவரியில் சிகாகோ வாகனக் கண்காட்சியில் அறிமுகமானது. வட அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் அழைக்கப்பட்ட இந்த இரண்டு இருக்கைக் கார் ஏறத்தாழ 960 கிலோ எடை கொண்டது. அமெரிக்காவில் விற்பனையான வடிவில் அதன் 1.6 லிட்டர் இஞ்சின் 116 குதிரைத்திறன் தந்தது. எண்களாகப் பார்த்தால் இது பெரிய வேகக் கார் அல்ல. ஆனால் கையில் பிடித்து ஓட்டியவர்கள் இதை விட மனம் வராமல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகவும் வைத்திருக்கிறார்கள். அவ்வாறு வைத்திருப்பவர்களுக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் கிளட்ச் தேய்ந்து, கியர்பாக்ஸை இறக்க வேண்டிய நாள் வரும். எப்படியும் கழற்றத்தான் போகிறோம், இலகுவான ஃப்ளைவீலையும் (இஞ்சினின் பின்முனையில் கிளட்சைத் தாங்கிச் சுழலும் கனமான உலோகத் தட்டு) சேர்த்துப் போட்டுவிடலாமா என்ற கேள்வி அப்போது எழுகிறது; அதன் பின்னாலேயே கார்பன் இழையில் செய்த புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கம் விசையைக் கொண்டுசெல்லும் தண்டு), அலுமினிய கிராங்க் புல்லி, இலகுவான சக்கரங்கள், வேறு விகிதத்தில் அமைந்த டிஃபரென்ஷியல் (அந்த விசையைப் பின்சக்கரங்களுக்குப் பங்கிடும் பல்சக்கர அமைப்பு) என்று பட்டியல் நீள்கிறது. இவை அனைத்தும் "சுழலும் எடையைக் குறைக்கும்" என்ற ஒரே வாசகத்தோடுதான் விற்கப்படுகின்றன. ஆனால் ஒவ்வொன்றிலிருந்தும் காருக்குக் கிடைக்கும் பயன் ஒன்றுக்கொன்று பத்து மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. பணத்தை எங்கே செலவிடுவது என்று முடிவெடுக்கும் முன் அந்த வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்ப்பது அவசியம்.

ஒரு சுழலும் உறுப்பில் ஒரு கிலோ குறைந்தால் காரின் மொத்த எடையில் ஒரு கிலோ குறைகிறது. அது எல்லா உறுப்புகளுக்கும் பொது. அதற்கு மேல் கிடைக்கும் ஆதாயம், அந்த எடை சுழல் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது என்பதையும், சாலையில் உருளும் சக்கரத்தைக் காட்டிலும் அந்த உறுப்பு எத்தனை மடங்கு வேகமாகச் சுழல்கிறது என்பதையும் பொறுத்தது. இரண்டும் இருமடியாகக் கணக்கில் வருகின்றன. உறுப்பின் நிலைமத் திருப்புத்திறனை (எடையை அச்சிலிருந்து அது உள்ள தொலைவின் இருமடியால் பெருக்கிக் கிடைப்பது) சுழற்சி விகிதத்தின் இருமடியால் பெருக்கி, சக்கர ஆரத்தின் இருமடியால் வகுத்தால், முடுக்கத்தின்போது அந்த உறுப்பு எத்தனை கிலோ கூடுதல் சுமையைப் போல நடந்துகொள்கிறது என்பது தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கை ஃப்ளைவீலுக்குப் போட்டுப் பார்ப்போம். காருடன் வந்த ஃப்ளைவீலின் எடை சுமார் 8 கிலோ. அதற்குப் பதிலாக 4 கிலோ எடையுள்ள ஒன்றைப் பொருத்துகிறோம் என்றும், குறைந்த 4 கிலோவும் அச்சிலிருந்து சராசரியாக 10 சென்டிமீட்டர் தொலைவில் இருந்தது என்றும் வைத்துக்கொள்வோம். இந்தக் காரின் ஐந்து கியர் பெட்டியில் முதல் கியரின் விகிதம் 3.136, 1.6 லிட்டர் காரின் டிஃபரென்ஷியலில் உள்ள இறுதி விகிதம் 4.3. இரண்டையும் பெருக்கினால், முதல் கியரில் சக்கரம் ஒரு முறை சுற்றும் நேரத்தில் ஃப்ளைவீல் பதின்மூன்றரை முறை சுற்றிவிடுகிறது என்று தெரிகிறது. சக்கரத்தின் உருளும் ஆரத்தை 28 சென்டிமீட்டர் என்று கொண்டால், முதல் கியரில் இந்த மாற்றம் 93 கிலோ சுமையை இறக்கி வைத்ததற்கு ஒப்பாகிறது. இரண்டாம் கியரில் அது 34 கிலோவாகவும், மூன்றாம் கியரில் 17 கிலோவாகவும், நான்காம் கியரில் 9 கிலோவாகவும், ஐந்தாம் கியரில் 6 கிலோவாகவும் இறங்குகிறது. எல்லாக் கியர்களிலும் உண்மையாகக் குறைந்த 4 கிலோவை இதோடு கூட்டிக்கொள்ளலாம்.

முதல் கியரின் எண்ணைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. நிமிடத்திற்கு 7,200 சுற்று என்ற சிவப்புக் கோட்டை இந்தக் கார் முதல் கியரில் மணிக்கு 56 கிலோமீட்டரிலேயே தொட்டுவிடும். அந்த ஆதாயம் ஓரிரு நொடிகளோடு முடிந்துவிடுகிறது. வளைவுகள் நிறைந்த சாலையிலும் பந்தயத் தடத்திலும் அதிகம் பயன்படுவன இரண்டாம், மூன்றாம் கியர்கள். மூன்றாம் கியரில் கிடைக்கும் ஆதாயம் மொத்தச் சுமையில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. இஞ்சினின் திறன் இதனால் ஒரு குதிரைகூடக் கூடுவதில்லை. சீரான வேகத்தில் செல்லும்போது ஃப்ளைவீலின் எடை எவ்விதத்திலும் குறுக்கிடுவதில்லை. ஆகவே "எடை குறைந்த ஃப்ளைவீல் போட்டேன், கார் பறக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அவர் உணர்வது பெரும்பாலும் வேறொன்றை.

அந்த வேறொன்றுதான் ஃப்ளைவீலை மாற்றுவதற்கு உண்மையான காரணம் என்பது என் கருத்து. கிளட்சை மிதித்துவிட்டால் இஞ்சினுக்குக் காரின் எடை தெரியாது. அது தன் சொந்த நிலைமத்தை மட்டுமே தூக்கிச் சுற்றுகிறது. அந்த நிலைமத்தில் பெரும்பங்கு ஃப்ளைவீலும் கிளட்சும் சேர்ந்தது. அதைப் பாதியாக்கினால், கீழ்க் கியருக்கு இறங்கும்போது ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி இஞ்சின் சுற்றை உயர்த்துவது எளிதாகிறது. மேல் கியருக்கு ஏறும்போது சுற்று விரைவாக இறங்கி அடுத்த கியரோடு பொருந்துகிறது. கால் அசைவுக்கும் இஞ்சினின் மறுமொழிக்கும் இடையிலிருந்த தாமதம் குறுகுகிறது. தோஷிஹிக்கோ ஹிராய் தலைமையில் இந்தக் காரை வடிவமைத்த குழு, குதிரையும் வீரனும் ஒன்றாக இயங்குவது என்ற கருத்தையே அடிப்படையாகக் கொண்டு உழைத்தது. இந்த மாற்றம் அதே திசையில் இன்னும் ஓரடி எடுத்து வைப்பது. நிறுத்துக் கடிகாரத்தில் சிறிதாகத் தெரியும் இந்த வேறுபாடு, ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் ஓட்டுநரின் கையிலும் காலிலும் தெரியும்.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. நிமிடத்திற்கு 4,000 சுற்றில் பழைய ஃப்ளைவீல் ஏறத்தாழ 7,000 ஜூல் ஆற்றலைச் சேமித்து வைத்திருக்கும். புதியது அதில் பாதியைத்தான் வைத்திருக்கும். நின்ற நிலையிலிருந்து காரை நகர்த்தும்போது இஞ்சினைத் தாங்கிப் பிடிப்பது இந்தச் சேமிப்புதான். அது குறைந்தால் ஏற்றத்தில் வண்டியைக் கிளப்பும்போது சுற்றைச் சற்று உயர்த்தி, கிளட்சைக் கவனமாக விட வேண்டும். நிமிடத்திற்கு 850 சுற்றில் ஓய்வாக ஓடும் 1.6 இஞ்சின், குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருக்கும்போது கிளட்சை மிதித்ததும் சுற்று விழுந்து சில நேரம் அணைந்துவிடக்கூடும்; காற்றின் அளவை ஒரு மடிப்புக் கதவின் அசைவால் அறியும் பழைய அமைப்பு அவ்வளவு விரைவாகச் சுதாரித்துக்கொள்வதில்லை. போக்குவரத்து நெரிசலில் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஊர்ந்து செல்ல வேண்டியவருக்கு இது சிறிய தொல்லை அல்ல. ஓய்வுச் சுற்றில் கியர்பாக்ஸிலிருந்து வரும் கடகடப்பும் கூடும், ஏனெனில் இஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பிலும் எழும் துடிப்பைக் கனமான ஃப்ளைவீல் விழுங்கிக்கொண்டிருந்தது. இலகுவானது அதை அப்படியே பற்களுக்குக் கடத்துகிறது.

ஃப்ளைவீல் என்று முடிவு செய்துவிட்டால், அடுத்த தேர்வு உலோகம். அலுமினியத்தில் செய்தவை 4 கிலோவுக்கும் கீழே இறங்குகின்றன. குரோம்-மாலிப்டினம் எஃகில் கடைந்தவை பொதுவாக 5 கிலோ அளவில் நிற்கின்றன. அலுமினியத்தின் மீது கிளட்ச் தட்டு நேரடியாக உராய முடியாது என்பதால், உராயும் பரப்பில் எஃகு வளையம் ஒன்றைத் திருகாணிகளால் பிணைக்கிறார்கள். ஸ்டார்ட்டர் பற்களும் தனி எஃகு வளையமே. வெப்பத்தில் அலுமினியமும் எஃகும் வெவ்வேறு அளவில் விரிகின்றன; கிளட்சை அடிக்கடி வழுக்கவிட்டு ஓட்டும் காரில் அந்தப் பிணைப்பு ஓயாமல் சோதிக்கப்படுகிறது. வளையம் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது அலுமினியத்தின் நற்பேறு. ஒரே துண்டாகக் கடைந்த எஃகில் இத்தகைய இணைப்புக் கவலை இல்லை. ஒரு கிலோ வேறுபாட்டுக்காக மூன்றாம் கியரில் கிடைக்கும் கூடுதல் ஆதாயம் 5 கிலோ அளவுக்குத்தான் வரும். சாலையில் ஓடும் காருக்கு நான் எஃகையே தேர்ந்தெடுப்பேன். ஏற்றத்தில் கிளம்புவதும் அதில் அவ்வளவு கடினமாக இராது.

இங்கே மூன்றாவதாக ஒரு வழியும் பேசப்படுவதுண்டு: காரோடு வந்த ஃப்ளைவீலையே லேத்தில் கொடுத்துக் கடைந்து இலகுவாக்குவது. செலவு குறைவு என்பதால் பலரை ஈர்க்கும் இந்த வழியை, எவ்வளவு கடையலாம், எங்கே கடையக் கூடாது என்பதைத் தெளிவாக அறிந்தவர் செய்தாலொழிய, முற்றாகத் தவிர்க்க வேண்டும். அந்த ஃப்ளைவீலின் வார்ப்பிரும்பு இழுவிசையைத் தாங்குவதில் வலுவற்றது. 7,000 சுற்றுக்கு மேல் அது உடைந்தால் துண்டுகள் கியர்பாக்ஸ் கூட்டைத் துளைத்துக்கொண்டு ஓட்டுநரின் கால்களை நோக்கி வரும். அமெரிக்கப் பந்தயங்களில் ஃப்ளைவீலுக்கும் கிளட்சுக்கும் எஸ்எஃப்ஐ 1.1 என்ற சான்று கேட்கப்படுவது இதனால்தான். வாங்கும் பொருளில் அந்தச் சான்று இருக்கிறதா என்று பார்ப்பது, எடை எத்தனை கிராம் என்று பார்ப்பதைவிட முக்கியமானது.

இனி புரொப்பெல்லர் ஷாஃப்ட். கார்பன் இழையில் செய்த ஷாஃப்ட் பார்க்க அழகானது, விலையும் அதற்கேற்றது. மஸ்டாவே தன் ஆர்எக்ஸ்-8 காரில் கார்பன் ஷாஃப்டைப் பொருத்தியது. நிசான் 350இசட் காரிலும் அது இருந்தது. ஆகவே இது வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்தக் கார்களில் அது வந்த காரணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நீளமான ஷாஃப்ட் ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் வில்போல வளைந்து அதிரத் தொடங்கும். அந்த எல்லைக்குள் நிற்க, எஃகு ஷாஃப்டை இரண்டு துண்டாக வெட்டி நடுவில் ஒரு பேரிங் கொடுக்க வேண்டியிருக்கும். இலகுவாகவும் விறைப்பாகவும் உள்ள கார்பன் குழாயைப் பயன்படுத்தினால் ஒரே துண்டில் முடித்துவிடலாம். நடு பேரிங், அதன் தாங்கி, கூடுதல் மூட்டு ஆகிய எல்லாம் மிச்சம். எம்எக்ஸ்-5 காரிலோ ஷாஃப்ட் குட்டையானது, ஏற்கெனவே ஒரே துண்டு. அங்கே கார்பனுக்குத் தீர்க்க வேண்டிய சிக்கலே இல்லை.

சுழலும் எடைக் கணக்கும் இதற்கு ஆதரவாக இல்லை. ஷாஃப்டில் 3 கிலோ குறைந்ததாகவே கொள்வோம். அந்த எடை அச்சிலிருந்து 3 சென்டிமீட்டர் தொலைவில்தான் இருந்தது. ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருப்பதால், எந்தக் கியரிலும் சக்கரத்தைவிட 4.3 மடங்கு மட்டுமே வேகமாகச் சுழல்கிறது. முன்பு செய்த அதே கணக்கைச் செய்தால் முக்கால் கிலோவைக்கூட எட்டாத சுழற்சி ஆதாயம் கிடைக்கிறது. ஸ்டெப்னியை வீட்டில் வைத்துவிட்டுப் போனாலே இதைவிடக் கூடுதலாக இறங்கும். ஷாஃப்டின் மூட்டுகள் தேய்ந்து அதிர்கின்றன என்றால், நன்றாகச் சமன்படுத்திய எஃகு ஷாஃப்டையே போடுங்கள்.

கிராங்க் புல்லியில் நான் இன்னும் உறுதியாக இருக்கிறேன்: வேண்டாம். புல்லியின் நடுக்குமிழுக்கும் வெளிவளையத்துக்கும் இடையே ரப்பர் பட்டை இருந்தால், அது பெல்ட்டை ஓட்டும் சக்கரம் மட்டுமல்ல. இஞ்சினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டின் முறுக்கு அதிர்வைத் தணிக்கும் கருவி. அதை எடுத்துவிட்டு ரப்பர் இல்லாத அலுமினியப் புல்லியைப் போட்டால் தணிப்பு போய்விடும். இந்த இஞ்சின் குடும்பத்தில் எண்ணெய்ப் பம்ப்பின் பல்சக்கரங்கள் கிராங்க் ஷாஃப்டின் முனையிலேயே அமர்ந்திருக்கின்றன; உலோகத் தூளை அழுத்திச் செய்த அந்தப் பற்கள், உயர் சுற்றில் நீண்ட நேரம் ஓடும் பந்தயக் கார்களில் பிளந்துபோவது தெரிந்த நோய். பம்ப் நின்றால் இஞ்சின் போயிற்று. போதாக்குறைக்கு, 1991 தொடக்கம் வரை வந்த இஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்டின் மூக்குப் பகுதி குட்டையானது. புல்லியைப் பிடிக்கும் போல்ட் தளர்ந்தால், அங்கே பூட்டாக நிற்கும் சாவித் துண்டும் அதன் பள்ளமும் தேய்ந்து கிராங்க் ஷாஃப்டே பாழாகும். அத்தகைய இஞ்சின் வைத்திருப்பவர் காரணமின்றி அந்த போல்ட்டைத் தொடாமல் இருப்பதே நல்லது.

சக்கரங்களைப் பற்றிய பொதுவான அறிவுரை "முதலில் சக்கரத்தை மாற்று" என்பது. பல கார்களுக்கு அது சரி. இந்தக் காருக்கு நிலைமை வேறு, ஏனெனில் ஆரம்பத்தில் வந்த ஏழு ஆரக்கால் கொண்ட 14 அங்குல அலுமினியச் சக்கரமே ஐந்தரை கிலோ அளவுதான் இருக்கும். என்கே ஆர்பிஎஃப்1 போன்ற இன்றைய மிக இலகுவான வார்ப்புச் சக்கரம், 15 அங்குல விட்டமும் 7 அங்குல அகலமும் கொண்ட வடிவில், சுமார் 4.3 கிலோ. ஆக, ஒரு சக்கரத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைகிறது. நான்கிலும் சேர்த்து, சுழற்சி ஆதாயத்தையும் கூட்டினால், 6 கிலோ சுமை இறங்கியதற்கு ஒப்பு. நான்காம் கியரில்கூட ஃப்ளைவீல் இதைப்போல் இருமடங்கு தருகிறது. ஆனாலும் சக்கரத்துக்கு ஃப்ளைவீலிடம் இல்லாத இரண்டு சிறப்புகள் உண்டு: சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள எடை குறைவதால் மேடு பள்ளத்தில் டயர் தரையை விடாமல் பிடிக்கிறது, பிரேக் போடும்போதும் சுழலும் எடை குறைவாக இருப்பது உதவுகிறது. 185/60 ஆர்14 டயருக்கும் 195/50 ஆர்15 டயருக்கும் வெளிவிட்டத்தில் 2 மில்லிமீட்டர்கூட வேறுபாடு இல்லை என்பதால், மாற்றினாலும் வேகமானியும் கியர் விகிதமும் பிறழ்வதில்லை.

முந்தைய உரிமையாளர் யாராவது அழகுக்காக 16 அல்லது 17 அங்குலச் சக்கரங்களை மாட்டியிருந்தால் முடிவு முற்றிலும் மாறுகிறது. அத்தகைய சக்கரமும் டயரும் சேர்ந்து ஒரு முனைக்குப் பல கிலோ கூடியிருக்கும், அந்தக் கூடுதல் எடையும் வெளி விளிம்பை ஒட்டியே இருக்கும். அந்தக் காரில் வேறு எதையும் தொடுவதற்கு முன் சக்கரங்களைச் சிறிதாக்க வேண்டும்.

டிஃபரென்ஷியல் இந்த வரிசையில் சேருமா என்று சிலர் கேட்கலாம். சேர வேண்டும், ஏனெனில் முடுக்கம்தான் நோக்கம் என்றால், எடையைக் குறைப்பதைவிட விகிதத்தை மாற்றுவது வலுவான வழி. 1994 முதல் வந்த 1.8 லிட்டர் காரின் இறுதி விகிதம் 4.1. அதை 4.3 ஆக்கினால் சக்கரத்துக்கு வரும் திருப்பு விசை எல்லாக் கியர்களிலும் ஏறத்தாழ 5 விழுக்காடு கூடுகிறது. ஓட்டுநரோடு சேர்த்து ஆயிரம் கிலோவுக்கு மேல் வரும் காரில் 50 கிலோவை இறக்கியது போன்ற பலன் அது. ஐந்தாம் கியரிலும் அதே பலன். நெடுஞ்சாலையில் இஞ்சின் சற்று அதிகச் சுற்றில் இரையும் என்பதும், ஒவ்வொரு கியரும் சற்று முன்னதாகவே முடிந்துவிடும் என்பதும் அதற்கான விலை.

1.6 காரின் நிலைமை வேறு. அதன் விகிதம் ஏற்கெனவே 4.3. ஆனால் அதன் கிரவுன் வீல் (டிஃபரென்ஷியலின் பெரிய பல்சக்கரம்) 6 அங்குல விட்டம் கொண்ட சிறியது. டர்போ பொருத்திய காரிலும், பிடிப்பு மிகுந்த டயரோடு பந்தயத் தடத்தில் ஓடும் காரிலும் அது உடைவதுண்டு. இரு சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிட அதில் கூடுதல் வசதியாகக் கிடைத்த பாகுநிலைத் திரவ அமைப்பும் வயதாக ஆகத் தன் பிடியை இழந்துவிடுகிறது. 1.8 காரில் 7 அங்குல கிரவுன் வீலும், பல்சக்கரங்களால் இயங்கும் டார்சன் அமைப்பும் கிடைத்தன. இரண்டாம் தலைமுறைக் கார்களில் அதே 7 அங்குல அமைப்பு 4.3 விகிதத்திலும் வந்தது. பழைய காரிலிருந்து கழற்றிய அத்தகைய ஒன்றை, அதற்குரிய பின் அரை ஷாஃப்டுகளோடும் புரொப்பெல்லர் ஷாஃப்டோடும் சேர்த்து வாங்கினால், 1.6 காரில் நேராகப் பொருந்தும். இதனால் காரின் எடை சில கிலோ கூடும். கூடட்டும் என்பேன். வளைவிலிருந்து வெளியேறும்போது உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுழன்றால், ஃப்ளைவீலில் மிச்சப்படுத்திய நிலைமம் அனைத்தும் அந்த ஒரு சக்கரத்தின் வழியே புகையாகப் போய்விடும்.

எனவே என் வரிசை இவ்வாறு அமைகிறது. சாலையில் மகிழ்ச்சிக்காக ஓட்டும் 1.6 காருக்கு, கிளட்ச் மாற்றும் நாளில் 5 கிலோ அளவிலான எஃகு ஃப்ளைவீல். அதோடு காருக்குரிய 200 மில்லிமீட்டர் கிளட்ச், அழுத்தம் மிகுந்த பந்தயக் கிளட்ச் வேண்டாம். நகர நெரிசலிலேயே காலம் கழிக்கும் காருக்குப் பழைய ஃப்ளைவீலையே மேற்பரப்புச் சீர்செய்து போட்டுவிட்டு, அந்தப் பணத்தை நல்ல டயர்களில் போடலாம். மாதம் தவறாமல் தடத்தில் ஓடும் காருக்கு முதல் செலவு டார்சன், இரண்டாவது சக்கரம், மூன்றாவதாகத்தான் ஃப்ளைவீல். அங்கே அலுமினியத்தையும் எண்ணிப் பார்க்கலாம், ஏனெனில் நின்று கிளம்பும் தேவை அங்கு அரிது. 1.8 காரில் கிளட்ச் 215 மில்லிமீட்டர் என்பதால், 1.6 காருக்கு உரிய ஃப்ளைவீலைத் தவறுதலாக வாங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலையைப் பணிமனையில் கொடுக்கும்போது சொல்லிவைக்க வேண்டியவை சில உண்டு. கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிராங்க் ஷாஃப்டின் பின் எண்ணெய் முத்திரையையும் கியர்பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங்கையும் புதிதாகப் போட்டுவிட வேண்டும். இவற்றுக்காக மறுபடி ஒரு முறை இறக்குவது வீண் கூலி. ஃப்ளைவீலைப் பிடிக்கும் 6 போல்ட்டுகளையும் 96 முதல் 103 நியூட்டன் மீட்டர் வரை, எதிரெதிராக, படிப்படியாக முறுக்க வேண்டும். இந்தக் காரில் கியர்பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் நீண்ட அலுமினியச் சட்டம் ஒன்று இணைக்கிறது. பவர் பிளான்ட் ஃப்ரேம் எனப்படும் அதைக் கழற்றாமல் கியர்பாக்ஸ் இறங்காது. திரும்ப மாட்டும்போது கியர்பாக்ஸின் பின்முனை எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதைக் கையேட்டில் பார்த்து அளந்தே போல்ட்டுகளை இறுக்க வேண்டும். அளக்காமல் இறுக்கினால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டுக் கோணம் பிசகி, நெடுஞ்சாலை வேகத்தில் ஓர் அதிர்வு எழும். புதிதாகப் போட்ட ஃப்ளைவீல் சமநிலையில் இல்லை என்று எண்ணி அதைக் கழற்றக் கிளம்பும் முன், இந்த உயரத்தை ஒருமுறை அளந்துவிடுங்கள்.